வில்பத்துவில் ‘அவர்’

காலை நாலே முக்காலுக்கு ஜீப் வந்து வாசலில் நின்றபோது அப்பா குளித்து, திருநீறு பூசி, மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டையோடு தயாராக இருந்தார். “காட்டுக்கு வெள்ளை போடக் கூடாதாம் அப்பா, தூரத்திலயே தெரிஞ்சிடுமாம்” என்றேன். “தெரியட்டும். நாங்கள் என்ன களவெடுக்கவா போறம்?” என்றார். 73 வயது. அவரோடு வாதாடுவதை அம்மா போன பிறகு நாங்கள் விட்டுவிட்டோம்.

இரண்டு மாதத்துக்கு முன்புதான் அவருக்குக் கண்ணில் வெண்புரை எடுத்து லென்ஸ் வைத்தது. தென்னை மரத்தில் ஒவ்வொரு ஓலையும் தனித்தனியாகத் தெரிகிறது என்று ஒரு கிழமை முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தார். பிறகு ஒரு நாள் சாப்பாட்டுக்கு முன்னால் இருந்துகொண்டு, “கண் தெளிஞ்சிட்டுது. இனி ஒருக்கா அவரைப் பாக்கோணும்” என்றார்.

“ஆரை அம்மப்பா?” என்று மகள் கேட்டாள். அவளுக்கு 11 வயது. ‘அவர்’ யார் என்று எங்கள் குடும்பத்தில் எனக்கும் அக்காவுக்கும்தான் தெரியும்.

அப்பாவின் ஊர் முருங்கன். கட்டுக்கரைக் குளத்துத் தண்ணீரில் நெல் விளையும் ஊர். அருவியாற்றைத் தாண்டித் தெற்கே போனால் அந்தக் காலத்தில் காடுதான். அப்பப்பா அந்தக் காட்டுக்குத் தேன் எடுக்கப் போவார். காட்டுக்குள் கால் வைத்த பிறகு புலியின் பேரை அவர் வாயால் சொல்லமாட்டாராம். “ராத்திரி அவர் இதால போயிருக்கிறார்”, “அவற்ற கால் பதிஞ்சு கிடக்கு” என்றுதான் பேச்சு. பேரைச் சொன்னால் கூப்பிட்டதாக நினைத்து வந்துவிடுவாராம். அப்பா சின்ன வயதில் வாடியில் படுத்திருந்தபோது, வாள் போட்டு மரம் அறுக்கிற மாதிரி ஒரு சத்தம், இழுத்து இழுத்து, இரவு முழுக்கக் கேட்டதாம். “அறுக்கிறது ஆர்?” என்று கேட்டதற்கு அப்பப்பா வாயில் விரல் வைத்தாராம். சத்தம் மட்டும்தான். அறுபது வருசமாகியும் அப்பா அவரை நேரில் கண்டதில்லை.

தமிழ்நாட்டிலிருந்து படிக்கிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். இலங்கைக் காட்டில் வரிப்புலி கிடையாது. இங்கே பெரிய பூனை என்றால் சிறுத்தை ஒன்றுதான், அதனால் எங்கள் ஊர்களில் அதைத்தான் புலி என்போம். சிறுத்தை என்பது பள்ளிக்கூடப் புத்தகத்துச் சொல். சிங்களத்திலும் பேச்சு வழக்கில் அதைக் கொட்டியா என்கிறார்கள். 1956இல் தெரணியகல இலங்கைச் சிறுத்தையைத் தனித் துணையினமாகப் பதிந்தபோது வைத்த பேரும் அதுதான்: பந்தேரா பார்டஸ் கொட்டியா. எண்பதுகளுக்குப் பிறகு புலிக்கும் கொட்டியாவுக்கும் இந்த நாட்டில் என்ன அர்த்தம் வந்தது என்று நான் விளக்கத் தேவையில்லை. அப்பப்பா காட்டுக்குப் பயந்து சொல்லாமல் விட்ட பேரை நாங்கள் வேறு காரணத்துக்காக விழுங்கினோம்.

2008இல் வவுனியாவிலிருந்து கொழும்புக்குப் போகிறோம். மதவாச்சிச் சோதனைச்சாவடியில் இறக்கி, பைகளைத் திறந்து, வரிசையில் விட்டிருக்கிறார்கள். அக்காவின் மகனுக்கு அப்போது ஐந்து வயது. அவன் கையில் இந்தியாவில் அச்சான ஓர் அரிச்சுவடி. புதிதாக எழுத்துக் கூட்டப் பழகிய பிள்ளை சும்மா இருப்பானா? வரிசையில் நின்றபடியே உரக்கப் படிக்கிறான்: “பீ, பீர்க்கங்காய். பு, பு...” அக்காவின் கை அவன் வாயைப் பொத்தியது. ஒன்றும் நடக்கவில்லை. யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஆனால் பஸ்ஸில் ஏறியதும் அக்கா அந்தப் பக்கத்தைக் கிழித்து, எட்டாக மடித்துக் கைப்பையில் வைத்தாள். அந்த அரிச்சுவடியில் அவனுக்குப் ‘பு’ இல்லாமலே போனது.

சரி, ஜீப்புக்கு வருவோம்.

அநுராதபுரத்திலிருந்து புத்தளம் வீதியில் நொச்சியாகமவைத் தாண்டி வலப்பக்கம் உள்ளே திரும்பினால் ஹுனுவிலகம வாசல். ஆறு மணிக்குத்தான் கதவு திறக்கும். அதற்கு முன்பே டிக்கெட் வரிசையில் சாரதிமார் நிற்கிறார்கள். அரை நாள், முழு நாள் என்று இரண்டு விதம் உண்டு. நான் சொல்வேன், முழு நாளே எடுங்கள். வில்பத்து 1,317 சதுர கிலோமீற்றர், நாட்டிலேயே பெரிய தேசியப் பூங்கா. அரை நாளில் ஓடி ஓடிக் களைத்துத் திரும்ப மட்டும்தான் நேரம் இருக்கும். நடுப்பகலில் ஒன்றும் தெரியாது என்று பலர் பயமுறுத்துவார்கள். அது உண்மைதான். ஆனால் காட்டில் சும்மா இருப்பதும் பயணத்தில் சேர்த்திதான் என்பது என் கட்சி.

எங்கள் சாரதி முப்பது வயதுக்குள் இருக்கும் சிங்களப் பிள்ளை. நான் அவரை ‘மல்லி’ (தம்பி) என்றேன், அவர் என்னை ‘அக்கே’ என்றார். பக்கத்தில் வனசீவராசிகள் திணைக்களத்து ட்ராக்கர், நரைத்த மீசை, அதிகம் பேசாதவர். 77 கலவரத்துக்கு முந்தி அப்பா அநுராதபுரத்தில் ஓர் அரிசி ஆலையில் வேலை செய்தவர். அந்தப் பழைய சிங்களத்தைத் தூசு தட்டி எடுத்ததும் சாரதி மலர்ந்துவிட்டார். அந்த மாதிரிச் சிங்களம் இப்போது அவருடைய ஆச்சி மட்டும்தான் பேசுகிறாராம்.

வில்பத்துவில் பார்க்க வேண்டியது முதலில் நிலம். வில்லு என்பது குளம் இல்லை. யாரும் கட்டவில்லை, அணை இல்லை, மதகு இல்லை. மணல் சூழ்ந்த பள்ளங்களில் மழைத் தண்ணீர் தானாகத் தேங்கி நிற்கிறது. அடர்ந்த காட்டுக்குள் நெருக்கமான மணல் ஒழுங்கையில் போய்க்கொண்டே இருப்போம், திடீரென்று வானம் திறந்து, பச்சைப் புல் விளிம்போடு ஒரு நீர்ப்பரப்பு. குருட்டுப் பண்டி வில்லு, காளி வில்லு, நெலும் வில, கும்புக் வில. நெலும் என்றால் தாமரை, கும்புக் என்றால் மருது. தெற்கு எல்லையில் கலா ஓயா, வடக்கு எல்லையில் மோதரகம் ஆறு. ஓயாவில் தொடங்கி ஆற்றில் முடிகிற காடு. மேற்கே பொம்பரிப்பில் கிண்டி எடுத்த ஈமத்தாழிகளை ஆதிச்சநல்லூர்த் தாழிகளோடு ஒப்பிடுகிறார்கள் என்று நான் மகளுக்கு விளக்கத் தொடங்கினேன். அவள் உடும்பு ஒன்றைக் காட்டி என் பேச்சை வெட்டினாள்.

ட்ராக்கரின் வேலை எனக்கு அரை மணி நேரத்துக்குப் பிறகுதான் விளங்கியது. அவர் காட்டைப் பார்ப்பதே இல்லை. குனிந்து மண்ணைப் பார்த்துக்கொண்டே வருகிறார். ஓர் இடத்தில் கையை உயர்த்தினார், ஜீப் நின்றது. மணலில் தடம். நாய்த் தடமோ என்றேன். நாய் என்றால் நகம் பதியும், இது நகத்தை உள்ளே இழுத்துக்கொண்டு நடக்கும் என்றார். முன்னங்கால் பெரிது, பின்னங்கால் சிறிது. முக்கியம், அது எதன் மேல் கிடக்கிறது என்பதுதான். நேற்று மாலை கடைசியாகப் போன ஜீப்பின் டயர் அடையாளத்தின் மேல் கால் பதிந்திருந்தது. ஆக, ராத்திரி அல்லது விடியப்புறம். காலையில் புல்லெல்லாம் பனி நனைந்திருக்கும், அதுக்கு நனைவது பிடிக்காது, எங்களுக்குப் போட்ட ரோட்டில்தான் அது நடக்கும் என்று சாரதி சிரித்தார்.

அப்பா தலையை வெளியே நீட்டி அந்தத் தடத்தை நெடுநேரம் பார்த்தார். இறங்கிப் பார்க்கலாமா என்று கேட்டார். இறங்க அனுமதி இல்லை. கொஞ்ச தூரத்தில் வேறொரு ஆசை வந்தது. ஆடி பிறக்கப் போகிற நேரம், பாலை மரங்களில் மஞ்சள் மஞ்சளாகப் பழம். ஒரு கொப்பு ஜீப்புக்கு மேலேயே தொங்கியது. “தம்பி, ஒரு கை பிடுங்கட்டே?” சாரதி பதறி, “எபா, எபா அங்கிள்!” என்றார். பிடுங்கவும் கூடாது. அது கரடியின் பங்கு. அப்பாவின் முகம் போன போக்கைப் பார்த்து மகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

பத்து மணிக்குள் மயில், காட்டுக்கோழி, மரை, முதலை, தண்ணீருக்கு வந்த ஒற்றை யானை எல்லாம் கண்டாயிற்று. மகள் கொப்பியில் கோடு போட்டுக் கணக்கு வைத்தாள். அவர் இல்லை.

சில வருடங்களுக்கு முன் தெற்கே இன்னொரு பூங்காவுக்கு வேலையிடத்துக் கூட்டாளிகளோடு போயிருந்தேன். அங்கே சாரதியின் போன் அடிக்கும், உடனே ஜீப் பறக்கும், போய்ச் சேர்ந்தால் ஏற்கெனவே முப்பது ஜீப். டீசல் புகை, தூசி, ஒருவர் தோளுக்கு மேலால் ஒருவர் நீட்டும் கமெராக்கள். தூரத்துப் பாறையில் ஒரு வயிறு மட்டும் தெரிந்தது. ‘சிறுத்தை பார்த்தேன்’ என்று வீட்டில் சொன்னேன்தான், ஆனால் எனக்கே அதில் நம்பிக்கை இல்லை. அதனால் இந்த முறை ஏறும்போதே சாரதியிடம் சொல்லிவிட்டேன்: போன் வந்தாலும் ஓட வேண்டாம், காணாவிட்டாலும் பரவாயில்லை. அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். நான்கு மணிக்கும் ஒன்றும் காணாவிட்டால் இந்த அக்கா என்ன சொல்லப் போகிறார் என்று யோசித்திருப்பார்.

இறங்க அனுமதித்த ஓரிடத்தில் மத்தியானம் இடியப்பமும் சம்பலும் சாப்பிட்டோம். குரங்குகள் கூடவே இருந்தன. ட்ராக்கர் தன் பார்சலைப் பிரித்தபடி பேசத் தொடங்கியது அப்போதுதான்.

இந்தப் பூங்கா 1905இல் சரணாலயம், 1938இல் தேசியப் பூங்கா. 1988இல் போரால் மூடினார்கள். 2003இல் திறந்தார்கள். 2006 மே மாதம் உள்ளே வந்த ஜீப் ஒன்று கண்ணிவெடியில் சிக்கி, பார்க்க வந்தவர்கள் செத்துப்போனார்கள், ஆங்கிலத்தில் நாவல் எழுதிய ஒருவரும் அதில் இருந்தார். மறுபடி மூடி, 2010இல்தான் திறந்தார்கள். மனிசர் இல்லாத காலத்தில் மிருகங்கள் பெருகியிருக்குமே என்று கேட்டேன். எல்லாரும் அப்படித்தான் கேட்கிறார்கள் என்றார். மனிசர் இல்லையென்று யார் சொன்னது? காவல்தான் இல்லை. சுருக்குக் கம்பி வைக்கிறவன் டிக்கெட் எடுத்தா வருகிறான்?

கம்பி என்றதும் எனக்கு மலைநாடு ஞாபகம் வந்தது. 2020 மே மாதம் நல்லதண்ணியில் ஒரு கருஞ்சிறுத்தை கம்பியில் மாட்டி, காப்பாற்றிக் கொண்டுபோயும் சில நாளில் செத்தது. பன்றிக்கு வைப்பதில் இவையும் மாட்டுகின்றன என்று ட்ராக்கர் சொன்னார். பிறகு, நாங்கள் எந்த ஊர் என்று கேட்டார்.

கிளிநொச்சி என்றேன்.

அவர் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் என்ன நினைத்தார் என்று எனக்குத் தெரியும். 2018 ஜூன், அம்பாள்குளம். எங்கள் வீட்டிலிருந்து சைக்கிள் தூரம். ஊருக்குள் வந்த சிறுத்தை ஒன்று பத்துப் பேரளவில் காயப்படுத்தியது. சனம் கூடி அடித்துக் கொன்றது. கொன்ற பிறகு அதைத் தூக்கி வைத்துப் படம் எடுத்தார்கள். அந்த வீடியோ நாடு முழுக்கப் போனது. நான் படிப்பிக்கிற வகுப்பில் பிள்ளைகள் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள், ஒருவன் பெருமையாக என்னிடமும் காட்டினான். காயப்பட்டவர்களில் எனக்குத் தெரிந்தவர்களும் இருந்தார்கள். அவர்கள் பயத்தை நான் குறை சொல்லமாட்டேன். அந்தப் படங்களைத்தான் என்னால் விளங்கிக்கொள்ள முடியவில்லை. வெளியிலிருந்து எழுதியவர்களில் சிலர் ‘புலிகளின் ஊரில் புலியைக் கொன்றார்கள்’ என்று பகிடி விட்டார்கள். அதுவும் எனக்கு ஆறவில்லை.

ட்ராக்கர் கடைசி இடியப்பத்தைக் குரங்குக்குத் தெரியாமல் வாயில் போட்டுக்கொண்டார். “கிளிநொச்சியில் இன்னும் இருக்கா?” என்று சிங்களத்தில் கேட்டார். சிறுத்தையைத்தான். “இருக்கு” என்று அப்பா அதே சிங்களத்தில் பதில் சொன்னார். “ஹொந்தாய்” என்றார் அவர். நல்லது.

பின்னேரம் நாலரை இருக்கும். ஒரு சின்ன வில்லுவின் ஓரத்தில் எஞ்சினை நிறுத்திவிட்டு இருந்தோம். அக்கரையில் இருபது இருபத்தைந்து புள்ளிமான்கள் மேய்ந்தன. வெயில் சாய்ந்து தண்ணீர் செம்பாகிக்கொண்டிருந்தது. மகள் என் மடியில் தலை வைத்துவிட்டாள். நானும் அரைத் தூக்கம்.

ஒரு மான் கத்தியது. ஒரே ஒரு தடவை, சின்னப் பிள்ளை விசில் ஊதின மாதிரி. உடனே எல்லாத் தலையும் உயர்ந்தது. “மான் பார்க்கிற பக்கம் பாருங்கள்” என்று ட்ராக்கர் காலையிலேயே சொல்லியிருந்தார். மான்கள் எங்களைப் பார்த்தன. எங்களை ஏன் பார்க்கின்றன என்று ஒரு கணம் குழம்பிப்போனேன். சாரதி முன்னால் இருந்த புதரைத் தேடினார், ட்ராக்கர் இடப்பக்கம் எழும்பி நின்றார்.

அப்பாவுக்கு முழங்கால் மடக்க இயலாது. அதனால் கடைசி இருக்கையில் காலை நீட்டி, பின்பக்கம் திரும்பி இருந்தார். அவர் குரலை உயர்த்தவே இல்லை.

“அவர் வாறார்” என்றார்.

திரும்பினேன். நாங்கள் வந்த மணல் ஒழுங்கையில், எங்கள் டயர் அடையாளத்தின் மேலேயே, எங்களைப் பார்த்து நடந்து வந்துகொண்டிருந்தது. படங்களில் பார்க்கிற மஞ்சள் இல்லை. காய்ந்த பனையோலை நிறம், முதுகில் மட்டும் கொஞ்சம் பனங்கட்டி. இவ்வளவு சின்னதாக இருக்கும் என்றும் நான் நினைக்கவில்லை. பெண். பெண் சிறுத்தை இங்கே முப்பது கிலோவைச் சுற்றித்தான் இருக்குமாம், என் மகளைவிடக் குறைவு. நடக்கும்போது தோளெலும்பு இரண்டும் மாறி மாறித் தோலுக்கு மேலே எழும்பி அடங்கின. அவசரமே இல்லை. வேறு பெரிய மிருகம் எதுவும் போட்டிக்கு இல்லாத நாட்டில் பிறந்த நடை.

ஜீப்புக்குப் பத்துப் பன்னிரண்டு அடி இருக்கும்போது பக்கத்தில் விலகி, ஒரு புதரில் முகத்தைத் தேய்த்து, திரும்பி நின்று வாலை உயர்த்தி மூத்திரம் பீச்சியது. வாலின் அடிப்பக்கம் வெள்ளை. அந்த வாடை எங்களுக்கும் வந்தது. பிறகு ஜீப்பின் ஓரமாக, அப்பாவின் நீட்டிய காலுக்கு நேர் கீழே, கடந்து போனது. ஒரு தடவைகூட நிமிர்ந்து எங்களைப் பார்க்கவில்லை. மகளின் நகம் என் கைக்குள் இறங்கியிருந்ததை நான் இரவுதான் கண்டேன். “கொட்டியா” என்று சாரதி மூச்சுக்குள் சொன்னார், தன் வாழ்நாளில் முதல் தடவை பார்க்கிற ஆள் மாதிரி. ட்ராக்கர் தன் பழைய கமெராவால் வலப்பக்கம் ஒன்று, இடப்பக்கம் ஒன்று எடுத்தார். ஒவ்வொன்றின் புள்ளியும் வேறு, ஒரே சிறுத்தையின் இரண்டு பக்கமும்கூட வேறு. அதை வைத்துத்தான் இன்ன ஆள் என்று அடையாளம் பிடிப்பார்களாம்.

அதற்குள் வளைவில் இன்னொரு ஜீப்பின் சத்தம். அது நின்றது, காதைத் திருப்பியது, வீரை மரங்களுக்குள் ஓரடி வைத்தது. அவ்வளவுதான். பிறகு அங்கே மரங்கள் மட்டும்தான். பின்னால் வந்தவர்கள் என்ன என்ன என்று கையால் கேட்டார்கள். எங்கள் சாரதி உதட்டைப் பிதுக்கித் தலையாட்டினார். அது பொய். எனக்கு அந்தப் பொய் பிடித்திருந்தது.

மகள் போனில் எடுத்த 14 விநாடி வீடியோவில் பெரும்பகுதி ஜீப்பின் கம்பியும் அப்பாவின் வெள்ளைச் சட்டையும்தான்.

திரும்பி வரும்போது இருட்டிவிட்டது. அன்றிரவு அநுராதபுரத்தில் தங்கி, அடுத்த நாள் காலை ஊருக்குக் கிளம்பினோம். மதவாச்சியில் தேத்தண்ணி குடிக்க ஒரு சின்னக் கடையில் இறங்கினோம். வரிசையில் நின்ற இடம் எது என்று தேடினேன், கண்டுபிடிக்க முடியவில்லை. கடையில் லொறிக்காரர்கள், சீருடையில் இரண்டு பொலிஸ்காரர்கள், பள்ளிக்கூடப் பிள்ளைகள். அப்பா போனை எடுத்து ரொறன்ரோவில் இருக்கும் சித்தப்பாவுக்கு அடித்தார். அவருக்குக் காது கொஞ்சம் மந்தம், அதனால் தூரத்தில் இருக்கிறவர்களோடு பேசும்போது கத்துவார்.

“தம்பி, நான் பாத்திட்டன்!” என்றார். அந்தப் பக்கம் விளங்கவில்லைப் போல. “அவரையடா! அவர்!” மறுபடி விளங்கவில்லை. அப்பா எழும்பி நின்றார். கடை முழுக்கக் கேட்க, இரண்டு மொழியிலும் சொன்னார்.

“புலியடா! புலி! கொட்டியா!”

என் கை தானாக அவர் வாய்ப்பக்கம் போய்ப் பாதியில் நின்றது. பொலிஸ்காரர்களில் ஒருவர் திரும்பி, அப்பாவை மேலும் கீழும் பார்த்தார். “வில்பத்துவவா?” என்று கேட்டார். அப்பா தலையாட்டினார். அவர் நாற்காலியை எங்கள் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு, எந்த வில்லு, எத்தனை மணிக்கு என்று விசாரிக்கத் தொடங்கினார். கடைக்காரர் என்னிடம் வந்து, எத்தனை கோப்பைக்குச் சீனி என்று கேட்டார்.